கன்னிமூலைப் புறம்போக்கு

இந்தக் கையக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி. நடுங்குதா? பஸ்ஸு ஆடுது, அதான். டயருக்கு மேல உள்ள சீட்டுல உக்காந்தா எவன் கையும் நடுங்கத்தான் செய்யும். ஒங்க கையும்தான் நடுங்குது. ஒங்கள எவனாவது படம் வரையக் கூட்டிட்டுப் போனானா?

என்னையக் கூட்டிட்டுப் போனாங்க. சிரிக்காதீய. அறுபத்தோரு வயசு ஆம்பளைய உக்கார வச்சு, ஒரு கிரேயான் டப்பாவக் கையில குடுத்து, 'ஒங்க கோவத்துக்கு என்ன கலர் சார்'னு கேட்டாங்க. படம் வரைஞ்சா மனசு சரியாயிருமாம். அப்புறம் எதுக்கு ஊருக்கு ஊரு மருந்துக்கடை வச்சிருக்கான்? ஆளுக்கொரு பென்சிலக் குடுத்துரலாம்லா?

கொஞ்சம் சன்னல் பக்கம் நகருங்க, பையக் கீழ வச்சுக்கிடுதேன். இந்தச் சுருட்டி வச்சிருக்கது மட்டும் கையிலயே இருக்கட்டும், கீழ வச்சா மடங்கிரும். அது என்னன்னு அப்புறம் சொல்லுதேன். மதுரைக்கா? கண்ணு ஆஸ்பத்திரிக்கா? நல்லது. கண்ணுல கோளாறுன்னா கண்ணத் தொறந்து பாப்பான், மருந்து ஊத்துவான். அது வைத்தியம். என் கதையக் கேளுங்க.

நான் பேசுத ஆளே கிடையாது, பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுல கோமதிக்கு அதான் பெரிய கம்ப்ளெயின்டு. 'எட்டு மாசமா இந்த மனுசன் வாயத் தொறக்கல டாக்டர், சோறு வேணும்னாக்கூட தட்ட நகத்தி வைக்காவ'ன்னு டாக்டர்கிட்ட போயி ஒப்பாரி. பேச என்னம்மா இருக்கு? சோறு எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும், தட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல பேச்சு எதுக்கு?

நான் சர்வேயரு. ஆறுமுகநயினார்னு தாலுக்கா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, சுவரு கூடச் சொல்லும். முப்பத்தி நாலு வருசம். வரப்புத் தகராறு, பாகத் தகராறு, அண்ணன் தம்பி அருவாளோட நிப்பான். நான் செயினப் போட்டு அளந்து கல்ல நட்டேன்னா, ரெண்டு பேரும் வாயப் பொத்திட்டு வீட்டுக்குப் போயிருவான். ஒரு கல்லக்கூட மறுபடி பிடுங்கி நட்டது கிடையாது. படம் வரையதுதான் என் சோலியே. புலப்படம், அதான் நிலத்து எல்லைப் படம். இந்தக் கையி போட்ட கோடு கோர்ட்டுல நிக்கும். என்னையப் போயி படம் வரையக் கத்துக்குடுக்கக் கூட்டிட்டுப் போறா. கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த கதை.

என்ன நடந்துதுன்னா, இந்த வலது கையி லேசா ஆட ஆரம்பிச்சுது. காப்பி குடிக்கும்போது மட்டும். அப்புறம் கையெழுத்துப் போடும்போது. ரிட்டயராயிட்டோம்லா, சோலி இல்லாத கை ஆடத்தான் செய்யும். ஆனா கோமதி டாக்டர்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'பய வீட்ட விட்டுப் போன மாசத்துல இருந்து ஆடுது டாக்டர்.' பொய்யி. பய போனது பங்குனி. கை ஆட ஆரம்பிச்சது சித்திரை. மாசம் வேற, வருசமே வேற. காலக்கணக்கு தெரியாதவகிட்ட என்னத்தப் பேச?

பயலா? ஒருத்தன் உண்டு. மதுரையிலதான் இருக்கான். மூணு வருசம் ஆச்சு. அந்தப் பேச்ச விடுங்க.

டாக்டரு ரத்தம் எடுத்தான், தலைக்குள்ள படம் எடுத்தான், சுத்தியலால முட்டியில தட்டினான். கடைசில, 'நரம்புல ஒண்ணும் இல்ல சார்'ன்னுட்டான். ஒண்ணும் இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பணும்லா? மாடிக்கு அனுப்பினான். மாடியில ஒரு ஹாலு. சுவரு பூரா படம். சூரியனுக்கு மூஞ்சி வரைஞ்சிருக்கு, மீனு மரத்துல தொங்குது. எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? 'ஏட்டி, இது பால்வாடில்லா, தப்பா வந்துட்டோம்'ன்னேன். கோமதி என் கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா.

அங்கன ஒரு பொண்ணு. ஷெரின்னு பேரு, நாரோயில் பக்கம். என் மகன் வயசுதான் இருக்கும். வாராவாரம் செவ்வாக்கெழமை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேரச் சுத்தி உக்கார வச்சு வரையச் சொல்லுவா. சொல்லிட்டுச் சும்மா இருப்பா. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாம வரைஞ்சத எடுத்து, 'இதுக்கு இதான் அர்த்தம், ஒங்க வியாதி இன்னது'ன்னு ஒரு நாளாவது சொல்லணும்லா? கிளி ஜோசியக்காரன் கூட சீட்ட எடுத்தா பலன் சொல்லுதான். இவ, 'வரைஞ்சு முடிச்சாச்சா சார்? பாத்தா என்ன தோணுது?'ன்னு நம்மகிட்டயே கேப்பா. எனக்குத் தோணினாப் போதும்னா நீ எதுக்கும்மா?

முத நாளு அந்தக் கோவத்துக் கலரு. நான் சொன்னேன், 'மேடம், கோவத்துக்குக் கலர் கிடையாது, பதவிதான் உண்டு. தாசில்தாருக்கு வந்தா கோவம், எனக்கு வந்தா திமிரு.' அவ சிரிச்சா. 'அப்ப திமிருக்கு என்ன கலர் சார்?'ன்னா. சவத்த, போட்டுத் தொலைப்போம்னு செவப்ப எடுத்து ஒரு கோடு போட்டேன். அடிக்கட்டை, அதான் ஸ்கேலு, அது இல்லாமலே நூல் பிடிச்ச மாதிரி வந்துது. 'கொஞ்சம் அழுத்திப் போட்டிருக்கீங்க'ன்னா. பேப்பரு கிழிஞ்சிருந்துது. மட்டமான பேப்பரு, வேற என்ன.

அடுத்த வாரம், 'ஒங்கள ஒரு மரமா வரைங்க.' நான் பனைய வரைஞ்சேன். உயரம் முப்பத்தாறு அடின்னு பக்கத்துல போட்டேன். 'பக்கத்துல வேற மரம் ஏதும் உண்டா சார்?'ன்னு கேட்டா. 'இல்லம்மா, ஒத்தப்பனைன்னு குறிச்சாத்தான் அளக்க வாரவனுக்கு அடையாளம்'ன்னேன். தலைய ஆட்டி அவ நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டா. தொழில் தெரியாத பிள்ளைக்கு நம்மால ஆனது, நாலு விசயம் சொல்லிக்குடுத்தேன்.

எனக்கு அடுத்த நாற்காலியில பேச்சியம்மான்னு ஒரு பொம்பளை. பீடி சுத்துறவ. மக குளத்துல போயிட்டாளாம், கல்யாணத்துக்கு இருந்த பிள்ளை. அவ வாராவாரம் ஒரே படம்தான். பேப்பர் முழுக்கக் கறுப்பு கிரேயானால தேச்சுத் தேச்சு அப்புவா. ஒரு மூலை விடமாட்டா. நான் ஒரு நாளு கேட்டேன், 'என்னம்மா, ரெண்டு சென்ட் கரிசக்காடா? பருத்தி போடலாமே.' அவ தேய்க்கத நிப்பாட்டல. அஞ்சாறு வாரம் கழிச்சு பாக்கேன், நடுவுல ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையா விட்டிருக்கா. அத வச்சுக்கிட்டு என்னா அழுகை! அந்த ஷெரின் பொண்ணு பக்கத்துல போயி உக்காந்து அவ முதுக மட்டும் தடவிக் குடுத்துது. அடுத்த வாரம் அந்த வெள்ளையில மஞ்சள் அடிச்சிருந்தா. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. கறுப்பு தீந்து போயிருக்கும். டப்பாவுல ஒத்தக் கறுப்புதானே இருக்கும்.

நீங்க கேப்பீய, இவ்ளோ நையாண்டி பண்ணுதவன் எதுக்குப் போனேன்னு. கோமதி தொந்தரவு. அதுக்கு மேல, அந்தப் பக்கம் எட்டரைக்கு ஒரு பஸ்ஸு, அத விட்டா பதினொண்ணுக்குத்தான். அதனால ஒம்பதுக்கே போயி, அந்த ஹாலத் தொறக்கச் சொல்லி, எல்லாருடைய பென்சிலையும் சீவி வச்சிருவேன். மொட்டைப் பென்சில் எனக்கு ஆகாது. ஒரு வாரம் காய்ச்சல். அன்னைக்கும் போனேன். பென்சில் யாரு சீவுவா?

கோவில்பட்டியா வந்துட்டு? டீ குடிக்கீயளா? வேண்டாமா. சரி, எனக்கும் வேண்டாம். கையில ஊத்திக்கிட்டா இந்தச் சுருள் நனைஞ்சிரும்.

ஒம்பதாவது செவ்வா. 'ஒங்க வீட்ட வரைங்க சார்'ன்னா. அப்பாடான்னு இருந்துது. இத்தன நாளைக்கு அப்புறம் உருப்படியா ஒரு சோலி. 'என்ன ஸ்கேல்ல வேணும்?'ன்னேன். 'ஸ்கேல் வேண்டாம் சார், மனசுல எப்படி இருக்கோ அப்படி'ன்னா. 'மனசுல இருக்கத நம்பியாம்மா கல்லு நடுவாங்க? அப்படி நட்டா ஊருல கொலைதான் விழும்'ன்னு சொல்லி, நான் வீட்டுல இருந்து கொண்டு போன அடிக்கட்டைய எடுத்தேன். எல்லாவனும் முக்கோணத்துல கூரையும் ரெண்டு பூச்செடியும் போட்டுக்கிட்டு இருக்கான். நான் வடக்க மேல வச்சு, அம்புக்குறி போட்டு, வெளிச்சுவரப் போட்டேன். முப்பத்திமூணுக்கு நாப்பது. உள்ள வராந்தா, ஹாலு, பூசை ரூமு, அடுப்படி, எங்க ரூமு, பின்னால கெணறு. அடுப்படியில அம்மி கெடக்க எடம் முதக்கொண்டு குறிச்சேன். ஒரு மணி நேரம். கை ஆடவே இல்ல, சத்தியமா.

முடிச்சுட்டு நிமிந்தா, பேச்சியம்மா எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா. 'அண்ணாச்சி, இந்த மூலையில ஒண்ணும் போடாம விட்டிருக்கீயளே, அங்கன என்ன இருக்கு?'ன்னா.

பாத்தேன். தென்மேற்கு மூலை. கன்னிமூலை. வெளிச்சுவரு இருக்கு, ஹாலுச் சுவரு இருக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல. வெறும் வெள்ளை. வாய் அதுவா சொல்லுச்சு அண்ணாச்சி, நான் சொல்லல. 'அது புறம்போக்கு'ன்னு.

சொன்னதும் ஹாலே அமைதியான மாதிரி எனக்கு இருந்துது. மத்தவன் எல்லாம் அவன் அவன் பூச்செடியத்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தான். அந்த ஷெரின் பொண்ணு என் பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்தா. 'புறம்போக்குன்னா படத்துல வராதா சார்?'ன்னு கேட்டா.

எனக்கு வந்துதே ஆத்திரம்! முப்பத்தி நாலு வருசம் செஞ்ச தொழிலு. 'யாரு சொன்னா வராதுன்னு? வாய்க்காப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, எல்லாத்துக்கும் புல எண் உண்டும்மா. சுத்திவரக் கல்லு உண்டு. யாரு பேருலயும் பட்டா இருக்காது, அவ்ளோதான். அதுக்காக அத அளக்காம விட்டா, பக்கத்துப் புலத்துக் கோடெல்லாம் எங்க போயி முட்டும்? அந்தரத்துல தொங்கும். படம் மூடாது. அப்படி மூடாத படத்த எவனாவது எங்கிட்டக் கொண்டு வந்தா மூஞ்சியில விட்டெறிவேன்'ன்னேன்.

சொல்லிட்டு என் படத்தப் பாத்தேன். மூடல.

அது அவன் ரூமு. சிவசைலம் ரூமு. என் பய. ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. சிவில் இன்ஜினியரிங் படிக்க வச்சேன். எனக்கு அப்புறம் அவன் கையிலயும் ஒரு ஸ்கேலும் பென்சிலும் இருக்கும்னு நெனச்சேன். படிச்சு முடிச்சு ஒரு வருசம் சைட்டுல வேல பாத்தான். ஒரு நாளு வந்து, 'அப்பா, நான் மதுரையில டாட்டூ கடை போடப் போறேன்'ன்னான். டாட்டூன்னா என்னன்னு கேட்டேன். பச்சை குத்துறது. அடுத்தவன் தோள்ல, தொடையில, கழுத்துல தேளு வரையதாம் அது. சின்னதுல இருந்தே கிறுக்குவான், ரூமுச் சுவரு பூரா கிறுக்கல்தான். ஆனா பிள்ளையாட்டுன்னு நெனச்சேன். அன்னைக்கு வீட்டு ஹாலுல அவன் மாமன்மாரு ரெண்டு பேரும் இருந்தாங்க. எல்லாரு முன்னாலயும் சொன்னேன். 'ஏல, ஒன்னையப் பட்டா நிலம்னு நெனச்சு வளத்தேம்லே. நீ வெறும் புறம்போக்குலே.'

ஊருல ஏசுறவனுக்கு அது ஒரு வசவு. சண்டையில அம்பது தடவ சொல்லுவான், மறந்துருவான். ஆனா சர்வேயர் மகனுக்கு அதுக்கு அர்த்தம் தெரியும்லா? யாரு பேருலயும் இல்லாதது. அவன் பையத் தூக்கிட்டுப் போயிட்டான். நான் அந்த ரூமுக்கு ரெண்டு கோட் சுண்ணாம்பு அடிச்சுப் பூட்டிட்டேன். எதுக்கா? வாடகைக்கு விடலாம்னு. வீட்டுக்குள்ள இருக்க ரூம எவன் வாடகைக்கு எடுப்பான்னு கேக்காதீய. அப்ப தோணல.

கோமதி அவன்கூட போன்ல பேசுவா. நான் கெணத்தடிக்குப் போன நேரம் பாத்துப் பேசுவா, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அதனால நான் தெனமும் ரெண்டு தடவ குளிக்கேன். ஒடம்புச் சூடு.

சரி, கதைக்கு வாரேன். படம் மூடல. தப்பா வரைஞ்சுட்டு எந்திரிச்சு வர எனக்கு மனசு வராது. பென்சில எடுத்தேன், ரூமப் போட்டுரலாம்னு. போட முடியல. அளவு தெரியல அண்ணாச்சி. தாலுக்கா பூரா அளந்தவன், எவன் வீட்டுக் கக்கூசு எத்தன அடின்னு இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். என் பிள்ளை இருபத்திமூணு வருசம் படுத்துக் கெடந்த ரூமு எத்தன அடின்னு எனக்குத் தெரியல. பென்சிலப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு, 'இன்னைக்கே முடிக்கணும்னு இல்ல சார்'ன்னா. அத மட்டும் நல்லாச் சொல்லுவா.

வீட்டுக்கு வந்தேன். 'சாவி எங்கட்டி?'ன்னேன். பத்து மாசத்துல வீட்டுல நான் பேசின முத வார்த்தைன்னு கோமதி சொல்லுதா. மிகைப்படுத்திப் பேசுறது அவ வழக்கம். எந்தச் சாவின்னு கேக்கல. தாலிச் சங்கிலியில கோத்துப் போட்டிருந்தா, கழத்திக் குடுத்தா. நான் டேப்ப எடுத்துட்டு உள்ள போனேன். ஒரு முனைய சுவத்துல வச்சு இந்தப் பக்கம் வந்தா அங்க விழுந்துருது. அங்க போயி வச்சா இங்க விழுந்துருது. டேப்பு பிடிக்க ரெண்டு ஆளு வேணும் அண்ணாச்சி. ஒத்த ஆளா அளந்தவன் ஒலகத்துலயே கிடையாது. நாலு தடவ விழுந்துது. அஞ்சாவது தடவ பாத்தா, கோமதி வந்து அந்த முனையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் கூப்பிடல.

பத்தடி. இந்தப் பக்கம் எட்டேகால்.

சுண்ணாம்புக்கு உள்ள இருந்து அவன் கிறுக்கின நீலம் தெரியுது. ரெண்டு கோட் அடிச்சும் தெரியுது. பெயிண்டரு தண்ணியக் கலந்து ஏமாத்திட்டான். கோமதி டேப்பு முனைய விடாமலே கேட்டா, 'மூணு வருசத்துல ஒரு நாளாவது, அவன் சாப்பிட்டானான்னு கேட்டீயளா?' நான் எட்டேகால், எட்டேகால்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், மறந்துரக் கூடாதுன்னு. அப்புறம் அழுதுட்டேன். ஆமா, அழுதேன். ஒங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். கட்டினவ முன்னால ஆம்பளை அழலாமான்னு ஒரு வெக்கம், அழுகைய நிப்பாட்ட முடியலைன்னு ஒரு வெக்கம். என் பிள்ளைய நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி.

ஆனா இதுக்கும் அந்தக் கிரேயான் டப்பாவுக்கும் சம்பந்தம் இல்ல, அதத் தெளிவாச் சொல்லிருதேன். அளவுல பிழை இருந்துது, பிழையத் திருத்தினோம். அம்புட்டுதான். இத அந்தப் பொண்ணு அவ வைத்தியம்னு கணக்குல எடுத்துக்கிட்டா நான் பொறுப்பில்ல. அவளும் அப்படி ஒண்ணும் சொல்லல, அது வேற விசயம்.

திருமங்கலம் தாண்டியாச்சு போல. இன்னும் அர மணி நேரம்.

படத்த முடிச்சேன். ஆனா முடிச்சா மட்டும் செல்லாது. அளவு எடுத்தா பக்கத்துப் பாத்தியப்பட்டவன் வந்து பாத்து, ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். அது சட்டம். அதுக்கு முன்கூட்டியே அவனுக்கு நோட்டீஸ் குடுக்கணும். நான் முறைப்படி எழுதினேன். மனப்பாடமாச் சொல்லுதேன் கேளுங்க. 'இதன் மூலம் தெரிவிப்பது என்னவென்றால், மேற்படி வீட்டின் கன்னிமூலை அறை சம்பந்தமாகக் கீழே கையொப்பமிட்டவர் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு நேரில் வருவதால், தாங்கள் இந்த அறிவிப்புடன் தவறாமல் ஆஜராக வேண்டியது. தவறினால், தாங்கள் இல்லாமலே அளவு முடிவு செய்யப்படும்.' கோமதி படிச்சுட்டு, 'பெத்த பிள்ளைக்கு எழுதுற லெட்டராங்க இது?'ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. பின்ன, அன்புள்ள மகனுக்குன்னு எழுதவா? எனக்கு அந்த நடை வராது.

செவ்வாக்கெழமை அந்தப் பொண்ணுகிட்டயும் காட்டினேன். ரெண்டு தடவ படிச்சா. நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒண்ணும் சொல்லல. 'தேதியும் நேரமும் போடலையே சார்'ன்னா. இதுக்குத்தான் இத்தன வருசம் படிச்சிருக்கா. ஆனா நோட்டீஸ்ல தேதிய விட்டது என் சர்வீஸ்லயே அதான் மொதத் தடவ. ஏன் விட்டுப்போச்சுன்னு தெரியல. புதன்கெழமை பகல் ஒரு மணின்னு போட்டேன். செவ்வா நமக்குத் தோதுப்படாது, கிளாஸ் இருக்கும்லா.

ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். பதில் இல்ல. ஆனா வாங்கினவன் கையெழுத்துப் போட்ட கார்டு திரும்பி வந்துது. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு. பாருங்க. ஆ. சிவசைலம். கடை போர்டுல இங்கிலீஷ்ல என்னமோ பேரு வச்சிருக்கான், கடை முகப்பு பதினோரு அடி, போன்ல மேப்பு பாத்தேன், சும்மா. ஆனா கையெழுத்துல இனிஷியல விடல பாத்தீயளா? பழக்க தோசம்.

அவன் போட்டோ ஒண்ணு கோமதி காட்டினா. தாடி. இடது கையில தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் சங்கிலி மாதிரி குத்தியிருக்கான். 'ஒங்க செயினுங்க'ன்னா. கூறுகெட்டவ. சர்வே செயினுன்னா பத்து வளையத்துக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கணும். உத்துப் பாத்தேன். தொங்குது. எங்கயாவது படத்துல பாத்துக் காப்பி அடிச்சிருப்பான்.

வந்துட்டோம் போலயே. கண்டக்டர் மாட்டுத்தாவணிங்கான். மணி என்ன? ஒண்ணு அடிக்கப் போவுதா? கொஞ்சம் பொறுங்க, எல்லாரும் எறங்கட்டும். இத விரிச்சுக் காட்டுதேன், அந்த முனையப் பிடிங்க. மத்ததெல்லாம் விடுங்க, கன்னிமூலைய மட்டும் பாருங்க. இப்ப மூடியிருக்கா? உள்ள பேரு எழுதியிருக்கேன், படிங்க. கண்ணுல மருந்து விடுறதுக்கு முந்தி படிச்சுருங்க. 'சிவசைலம், த/பெ ஆறுமுகநயினார்.' பட்டாவுல தகப்பன் பேரு போட்டுத்தான் எழுதணும் அண்ணாச்சி. அது முறை. நானா ஆசைப்பட்டு எழுதல.

ஒரு ஒதவி செய்யுங்க. என் கண்ணாடி வேத்துப்போயி மங்கலா இருக்கு. நீங்க சன்னல் வழியாப் பாருங்க. ஒரு கண்ணுதானே ஒங்களுக்குக் கோளாறு, மத்தக் கண்ணு போதும். தாடிக்காரன் எவனும் நிக்கானா? கையில சங்கிலி போட்டவன். நிதானமாப் பாருங்க. இல்லையா? நல்லாப் பாருங்க, அந்தத் தூணுக்குப் பின்னால. அவன் எப்பவும் தூணுக்குப் பின்னாலதான் நிப்பான். நீலச் சட்டையா? மெலிஞ்சிருக்கானா? கையில என்னமோ வச்சிருக்கானா? பேப்பரா? நாலா மடிச்ச பேப்பரா?

அறிவிப்புடன் ஆஜர்னு எழுதியிருந்தேன்லா. அதான் கொண்டு வந்திருக்கான்.

இந்தப் படத்து ஓரத்துல 'ஆஜர்'னு குறிச்சுக்கிடணும் அண்ணாச்சி, நேரத்தோட. இந்தாங்க பென்சிலு, நீங்களே எழுதிருங்க. எனக்கு எழுத வராம இல்ல. இந்தப் பஸ்ஸு போடுற ஆட்டத்துல ஒரு எழுத்தும் ஒழுங்கா வராது.

என்னது? பஸ்ஸு நின்னு நேரம் ஆச்சா?